முழுமையாக அணைக்கப்பட்டது

தீயை மன்னித்துவிடலாம். அந்த முகநூல் பதிவை என்னால் மன்னிக்க முடியாது. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

விடுப்பு போட்டுவிட்டு, கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காலையில் புதர்க்காட்டில் பிடித்த தீ, வீட்டுக்குப் பின்னால் இருந்த சவுக்குத் தோப்புக்குள் வந்துவிட்டது. ஊரே பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு அடித்து அணைக்க ஓடியது. அக்கா முதல் வேலையாகச் சினைப் பசுவை அவிழ்த்துக்கொண்டு போய்ச் சாலைக்கு அந்தப் பக்கம் கட்டினாள். அதற்குத் தலைச்சன் கன்று. பிறப்பதற்கு முன்பே என் பிள்ளைகள் கன்றுக்குப் பேர் வைத்திருந்தார்கள்.

தீயணைப்பு வண்டி வந்தது. மணலில் டயர் புதையும் என்று சாலையோரமே நின்று, எட்டிய வரைக்கும் தண்ணீர் அடித்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். குழாய் நீளம் அவ்வளவுதான். ஜீப்பில் வந்த அதிகாரிதான் கரிந்த மரத்துக்கு முன்னால் நின்று விதவிதமாகப் படம் எடுத்துக்கொண்டார். ஜீப் கிளம்புவதற்குள் தீயணைப்புத் துறையின் முகநூல் பக்கத்தில் படம் ஏறிவிட்டது: 'தீ முழுமையாக அணைக்கப்பட்டது. பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம்.'

சவுக்குச் சருகு மெத்தை மாதிரி கிடக்கும். மேலே அணைந்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருக்கும். அதனால் கடல்காற்று அடங்கும் வரைக்கும் முறை வைத்துக் காவல் இருப்பது அந்த ஊர் வழக்கம். அன்றைக்கு ஊர் வாட்ஸ்அப் குழுவுக்குப் பதிவு வந்ததும் பக்கத்து நிலத்துக்காரர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"கவர்மெண்டே போட்டுக்கீது, இன்னும் இன்னாத்துக்குக் காவலு? வாங்க, நாஸ்தா துன்னலாம்."

எல்லோரும் கலைந்து போனார்கள். அக்கா பசுவைத் திரும்பக் கொட்டகையில் கட்டிவிட்டு, தவிடு வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள்.

கடையில் நிற்கும்போதே தோப்புப் பக்கம் புகை எழும்பியது. அக்கா தவிட்டைப் போட்டுவிட்டு ஓடினாள். பின்னாலேயே ஓடிக்கொண்டு அவசர எண்ணுக்கு அடித்தேன். லைன் கிடைக்கவில்லை. அந்தப் பதிவுக்குக் கீழேயே, 'மறுபடியும் எரிகிறது, வண்டி அனுப்புங்கள்' என்று எழுதினேன். உடனே பதில் வந்தது: 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி.' கூடவே கும்பிடும் கை பொம்மை. நாசமாய்ப் போக!

நாங்கள் போவதற்குள் கொட்டகை சரிந்துவிட்டது. பசு கட்டின கயிற்றோடு கிடந்தது. அக்கா பக்கத்தில் போகவில்லை, மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் அதே பக்கத்தில் இன்னொரு பதிவு, அதே அதிகாரியின் படத்தோடு. கண்ணாடி இல்லாததால் அக்கா என்னைப் படிக்கச் சொன்னாள். 'துரித நடவடிக்கையால் உயிர்ச்சேதம் தவிர்க்கப்பட்டது' என்று படித்தேன்.

"இன்னொரு தபா படி."

படித்தேன். அவள் கொட்டகை இருந்த இடத்தைக் காட்டினாள்.

"அப்ப அங்க கட்டியிருந்தது இன்னாவாம்? அது வவுத்துல இருந்தது இன்னாவாம்?"

அக்கா கேட்டதை அப்படியே அந்தப் பதிவுக்குக் கீழே எழுதினேன். அதற்கும் நன்றி சொன்னார்கள்.