சட்டையைத் திருப்பிப் போட்டு ஆடிய ஆட்டம்

அன்றைக்கு அந்த மைதானத்தில் இருந்தவர்கள்: நான், எனக்கு எதிரே ஆடிய பெண், அவளுடைய அம்மா, உயரமான நாற்காலியில் நடுவர், என் அப்பா, என் செலவுக்குப் பணம் தருவதாகச் சொல்லியிருந்த பனியன் கம்பெனி முதலாளி, அவர் கூட்டி வந்திருந்த, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக இங்கே சரக்கு வாங்கிக் கொடுக்கும் பையிங் ஆபீஸ் மேடம், முதலாளியின் டிரைவர். டிரைவர் தூங்கிவிட்டார். அவரையும் சேர்த்தால் எட்டுப் பேர். மறுநாள் திருப்பூரில் முதலாளி சொன்ன கணக்குப்படி ஆயிரம் பேர்.

தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரி என்று என்னைப் பற்றிச் சொன்னால் டிவியில் பார்ப்பதையெல்லாம் நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் ஆடுவது அதன் அடித்தட்டு. பந்தைக்கூட நாங்களே ஓடிப் பொறுக்கவேண்டும். முதல் சுற்றில் தோற்றால் தரும் பணம் லாட்ஜ் வாடகைக்கே பத்தாது. ஆனால் ஜெயித்தால் உலகத் தரவரிசைக்கு ஒரு பாயின்ட் கிடைக்கும். என்னிடம் அதுவரை ஒன்றுகூட இல்லை. அடுத்த மாதம் தாய்லாந்தில் மூன்று வாரம், மூன்று போட்டி. முதலாளி பணம் தந்தால் போவேன், தராவிட்டால் திருப்பூர் மண்ணரையில் அப்பாவின் பவர் டேபிளில் பிசிறு வெட்டிக்கொண்டிருப்பேன். விஷயம் அவ்வளவுதான்.

பவர் டேபிள் என்றால் பெரிய கம்பெனி வெட்டித் தரும் துணியைத் தைத்துக் கொடுக்கும் சின்ன இடம். அப்பா தெற்கேயிருந்து டெய்லராக வந்து எட்டு மெஷின் போட்டவர். ஒரு கிளப்புக்கு டி-ஷர்ட் தைத்துக் கொடுத்தார். கூலி வரவில்லை. பதிலுக்கு, "உங்க பொண்ணு வேணா வந்து ஆடட்டும்" என்றார்கள். நான் டென்னிஸுக்கு வந்த கதை இதுதான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். கவலைப்படுவதை மட்டும் எங்கும் விடவில்லை. ஷூ கயிறு, வயிறு, மழை, பந்தின் ரோமம், எல்லாவற்றுக்கும் தனித்தனியாகக் கவலைப்படுவேன்.

முதலாளி தன் ஏசி அறையில் வைத்து வாக்குக் கொடுத்தார். "மூணு லட்சம், கண்ணு. அம்பதாயிரம் இப்பவே வாங்கிக்கோ. மீதி ரெண்டரை, நம்ம சட்டையப் போட்டு ஒரு மேட்ச் ஆடுன மறுநாள்."

சட்டைகள் வந்தன. பன்னிரண்டு. நெஞ்சு முழுக்கக் கம்பெனி பெயர். அதற்குக் கீழே நிட்டிங், டையிங், பிரின்டிங், எம்ப்ராய்டரி. அதற்கும் கீழே இரண்டு செல் நம்பர். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் ஃபிளெக்ஸை எனக்கு மாட்டிவிட்ட மாதிரி இருந்தது.

போட்டிக்காரர்கள் அனுப்பிய விதிகளை ஃபோனில் அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்திருந்தேன். சட்டையில் விளம்பரம் ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவுக்குமேல் இருக்கக் கூடாது. அன்று இரவே அப்பாவிடம் சொன்னேன்.

"தாயி, போன வாரம் பந்து வெடிச்சுக் கண்ணுல பட்டா என்னாகும்னு கேட்ட. இதுவும் அந்த மாதிரிதான். படுத்துத் தூங்கு."

அப்பாவுக்குத் துணி வருவது அதே முதலாளியிடமிருந்து. அதனால் அப்பா போய்க் கேட்கமாட்டார். நானே போய்க் கேட்டேன்.

"சார், பிரின்ட் கொஞ்சம் சின்னதா இருந்தா…"

"சின்னதாப் போட்டா அதுக்குப் பேரு ஸ்பான்சர் இல்லீங்க கண்ணு. மச்சம். பஸ்ஸுல போறவன் படிக்கோணும்."

டென்னிஸ் கோர்ட் வழியாக எந்த பஸ் போகிறது என்று நான் கேட்கவில்லை.

போட்டி கோயமுத்தூரில். நடுவர் நாற்காலியிலிருந்து குனிந்து என் நெஞ்சைப் படித்தார். இரண்டு செல் நம்பரையும் விடவில்லை. பிறகு, இந்தச் சட்டையோடு ஆட முடியாது, வேறு இருக்கிறதா என்று இங்கிலீஷில் கேட்டார். பையைத் திறந்து காட்டினேன். உள்ளே மீதிப் பதினொன்றும் அதே விளம்பரம். பழைய சட்டைகளை எடுக்கவேண்டாம், மொதலாளி சங்கடப்படுவார் என்று அப்பா வீட்டிலேயே வைத்துவிட்டார். நடுவர் நல்ல மனுஷி. திருப்பிப் போட்டு வா என்றார்.

கனமான ரப்பர் பிரின்ட். உள்பக்கம் போனதும் வியர்வையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு சர்வீஸுக்கும் பிளாஸ்திரி உரிக்கிற மாதிரி இருந்தது. ஓவர்லாக் தையலெல்லாம் வெளியே. இடுப்புத் தையலில் ஒரு வெள்ளை லேபிள் நாக்கை நீட்டிக்கொண்டு ஆடியது. அந்தச் சட்டைகள் ஓர் ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியவை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் லேபிளை வெட்டி எடுக்க ஆள் வைத்தால் கூலி. உள்ளே யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டிருந்தார்கள்.

எதிரே ஆடியவள் அதைப் பார்த்தாள். அதுவும் விளம்பரம்தானே என்று நடுவரிடம் கேட்டாள். நடுவர் இறங்கிவந்து, லேபிளை விரலில் பிடித்து அளவு பார்த்தார். தீப்பெட்டியைவிடச் சின்னது. விதிப்படி சரி. ஆக, மூன்று லட்சம் பேசியவர் உள்ளே ஒளிந்திருக்க, ஒரு காசும் தராத வெளிநாட்டுக்காரர் சட்டப்படி என் ஸ்பான்சர் ஆனார்.

எட்டுப் பேர் இருக்கிற இடத்தில் யார் பேசினாலும் காதில் விழும். முதலாளி அப்பாவிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏனுங்க, புள்ளை எதுக்குச் சட்டையத் திருப்பிப் போட்டுட்டு வருது? ஏதாச்சும் வேண்டுதலா?"

"ரூல்ஸாம் மொதலாளி. எனக்கும் இப்பதான் தெரியும்."

இப்பதான் தெரியுமாம்.

முதல் செட் போய்விட்டது. இரண்டாவது செட்டில் பக்கம் மாறும்போது மேடம் கம்பி வலைக்குப் பக்கத்தில் வந்து, என் இடுப்பை ஃபோனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சார், இது எங்க லேபிளாச்சே. மிஞ்சின பீஸ் எல்லாத்தையும் கிழிச்சு வேஸ்ட்ல போட்டாச்சுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"அது… சாம்பிளுங்க மேடம்."

"சாம்பிள் சர்வீஸ் போடுமா சார்?"

முதலாளி ஏதோ பதில் சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. நடுவர் மைக்கில், அமைதி காக்கவும் என்றார். என் ஆட்டத்தில் பார்வையாளர்களை அடக்கவேண்டி வந்தது அதுதான் முதல்முறை. மேடம் விறுவிறுவென்று வெளியே போனார். முதலாளி பின்னாலேயே ஓடினார். டிரைவரை எழுப்பக்கூட நேரமில்லை.

எனக்கு வேறு எந்தக் கவலையும் அப்போது ஓடவில்லை. ரெண்டரை லட்சம் கேட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது, அதை மட்டும் பார்த்தேன். அந்தக் கோபத்தில் அடித்த பந்தெல்லாம் கோட்டுக்குள் விழுந்தது. மூன்றாவது செட்டில் ஜெயித்தேன். நடுவர் ஸ்கோர் சொன்ன சத்தத்தில் விழித்த டிரைவர் எழுந்து நின்று கைதட்டினார். என் முதல் பாயின்ட்டுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அப்பா தட்டவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

"உக்காரு கண்ணு. ஜெயிச்சுட்டியாமா, சந்தோசம். பையர் நமக்கு டெபிட் போட்டுட்டானுங்க. ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம்."

டெபிட் என்றால் திருப்பூரில் குழந்தைக்கும் தெரியும். தையல் கோணல், சரக்கு தாமதம், எது என்றாலும் பையர் முதலாளிக்குத் தரவேண்டிய பணத்தில் வெட்டுவான். முதலாளி அதை அப்பா மாதிரி ஆட்களின் கூலியில் வெட்டுவார். அப்பா தன் டெய்லர்களின் சம்பளத்தில். அது டென்னிஸ் கோர்ட் வரைக்கும் இறங்கி வரும் என்று மட்டும் நான் கவலைப்படாமல் இருந்துவிட்டேன்.

"உன்ற சட்டையாலதான வந்துச்சு. அப்ப உன்ற கணக்குலதான கழிக்கோணும்? ஞாயந்தானுங்க?" கடைசிக் கேள்வி அப்பாவுக்கு.

அப்பா தரையைப் பார்த்தார். "நீங்க சொன்னாச் சரிதான் மொதலாளி."

"அப்புறம் சட்டை பன்னண்டு, பிரின்ட்டு, ஸ்கிரீனு, காருக்கு டீசல், மேடத்துக்கு வாங்கித் தந்த சாப்பாடு. அது ஒரு பதினாலாயிரத்து எரநூறு."

"சார், ரெண்டரை லட்சம் நீங்க தரவேண்டியது."

"அதுக்குமேல போயிருச்சே, கண்ணு."

அப்பா மூன்று மெஷினை விற்றார். தாய்லாந்துக்குப் பெயரே இல்லாத வெள்ளைச் சட்டையில் போனேன். இரண்டு போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். ஒன்றில் முதல் சுற்றை மட்டும் ஜெயித்தேன். திரும்பி வந்தபோது கம்பெனி கேட்டில் பெரிய ஃபிளெக்ஸ் நின்றது. "எங்கள் கம்பெனியின் செல்லப் புதல்வி." கோயமுத்தூரில் எடுத்த படம்தான். கம்ப்யூட்டரில் சட்டையை நேராக்கி, லேபிளை அழித்து, நெஞ்சில் இரண்டு செல் நம்பரையும் ஏற்றியிருந்தார்கள்.

அதை நான் நின்று பார்ப்பதைக் கண்டு முதலாளியே வெளியே வந்தார். "எப்படி இருக்குது? அந்தப் பாக்கிய மெதுவாக் குடு கண்ணு, அவசரமில்ல."

இன்னும் கொடுக்கவில்லை. நான் அவருக்குத் தரவேண்டியது நான்காயிரத்து இருநூறு ரூபாய்.