சப்பாத்தும் பிடியும், என் மகள்மேல் போட்ட பழியும்

என் மகளுக்குச் சமநிலை இல்லை என்று ஒருவன் சொன்னான். ஐந்து வயதிலிருந்து பரதம் ஆடியவள் அவள். ஒற்றைக் காலைத் தூக்கி நின்றால் கண் இமைக்காமல் நிற்பாள். அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. லண்டனில் கோலியர்ஸ் வுட்டில் இருந்தோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைப் பனிச்சறுக்குக்குக் கூட்டிப் போவதாக இருந்தது. அதற்கு முன் லண்டன் ஓரத்தில் ஒரு செயற்கைச் சரிவில் சனிக்கிழமைகளில் பழக்கினார்கள். அங்கே பனி கிடையாது. தரை கூட்டும் தும்புத்தடியைக் கவிழ்த்துப் பரப்பியதுபோல வெள்ளை பிளாஸ்டிக் விரிப்புத்தான். விழாமல் இறங்கத் தெரியாத பிள்ளைக்குப் பயணம் இல்லை என்று முன்னமே சொல்லிவிட்டார்கள். மகள் அந்தப் பயணத்தையே நினைத்துக்கொண்டு திரிந்தாள்.

சறுக்குக் கட்டை, அதில் பூட்டுவதற்குக் காலில் போடும் சப்பாத்து எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். என் கணவருக்குச் சப்பாத்து விஷயம் பிடிக்கவில்லை.

"ஆரோ போட்டுக் கழட்டினதை என்ர பிள்ளை போடுறதோ? அவையின்ர சனியும் சேர்ந்தெல்லோ வரும்."

மலிவு விற்பனையில் புதிதாக ஒரு சோடி வாங்கி வந்தார். அவள் காலைவிட இரண்டு அளவு பெரிது.

"வளருற பிள்ளைதானே. ரெண்டு மேசு போட்டால் சரி."

பள்ளிக்கூடச் சப்பாத்தும் அவர் அப்படித்தான் பெரிதாக வாங்கி, காலுறையை இரட்டிப்பாகப் போடவைப்பார். ஆனால் இது கல்லுப்போன்ற பிளாஸ்டிக் சப்பாத்து, நடக்கிற சப்பாத்து இல்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். விழுந்தாள், எழும்பினாள், திரும்பவும் விழுந்தாள். கொஞ்சம் திரும்பினாலே கட்டை காலை விட்டுக் கழன்று ஓடியது. பழக்குகிறவன் வந்து அவளிடம் நெடுநேரம் பேசினான்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்டுமில்லை அம்மா."

"ஒண்டுமில்லாததுக்கோ இவ்வளவு நேரம் கதைச்சவன்?"

"எனக்கு பலன்ஸ் இல்லையாம். சில ஆக்களுக்கு அது வராதாம். வாற கிழமையும் இப்பிடியெண்டால் டிரிப்புக்கு ஏலாதாம்."

சில ஆக்கள்! எந்த ஆக்கள் என்று எனக்கு விளங்காதா?

காரில் அழுதாள். "குதி உள்ளுக்கை எழும்புது அம்மா. நான் முன்னுக்குச் சாயிறன், சப்பாத்து சாயுதில்லை."

"இன்னொரு மேசு போடு," என்றார் அவர்.

"நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு காரை ஓட்டுங்கோ. வாற கிழமை வாடகைச் சப்பாத்துத்தான். சனி வந்தால் நான் பாத்துக்கொள்ளுறன்."

அடுத்த சனிக்கிழமை நேரத்தோடு அவளை வாடகைச் சாமான் கொடுக்கும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே நின்ற பெண் முதலில் காலை அளந்தாள். ஒரு மேசு மட்டும் போடவைத்து, குதிகால் அசையாத சப்பாத்தைத் தேடி எடுத்தாள். முழங்காலை மடிக்கச் சொன்னாள். கணைக்காலின் முன்பக்கம் சப்பாத்தில் நன்றாக அழுத்தியது. பிறகு தராசில் ஏற்றினாள். சப்பாத்தைக் கட்டையோடு பிடித்து வைக்கும் பிடியை ஆளின் நிறைக்கு ஏற்றபடி இறுக்க வேண்டுமாம். கூட இறுக்கினால் விழும்போது கழலாது, கால் முறியும். தளர்ந்தால் சும்மா கழன்றுவிடும். போன கிழமை கட்டையை மட்டும் வாடகைக்கு எடுத்தபோது யாருமே நிறை கேட்கவில்லை. மெலிந்த பிள்ளை என்று கண்ணால் பார்த்துக் குஞ்சுக் குழந்தைக்கு வைப்பதுபோலப் பிடியைத் தளர வைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்றைக்கு என் பிள்ளை சாய, சப்பாத்தும் சாய்ந்தது. கட்டை அவள் சொல்லுக் கேட்டுத் திரும்பியது. அடிவரைக்கும் நின்றபடியே வந்தாள்.

பழக்குகிறவன் கை தட்டிக்கொண்டு வந்தான்.

"நல்லாப் பழகிட்டனாம் அம்மா. டிரிப்புக்குப் பேரைச் சேர்த்திட்டாராம்."

"ஒரு கிழமையிலயோ பழகினனீ? பிழை சப்பாத்திலயும் தங்கட பிடியிலயும்தான், உன்னில இல்லையெண்டு சொல்லு அவனுக்கு."

"அம்மா, பிளீஸ். பேசாம வாங்கோ."

"சொல்லு!"

அவள் அவனைப் பார்த்து "தேங்க் யூ" என்றாள். அவ்வளவு இங்கிலீசு எனக்கு விளங்காதா என்ன? நானே முன்னுக்குப் போனேன்.

"லாஸ்ட் வீக், கேர்ள் குட். பூட் நோ குட்."

என் இங்கிலீசைக் கேட்டு அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. குனிந்து மகளின் கட்டையில் இருந்த பிடியைத் தட்டிக் காட்டி, "லாஸ்ட் வீக், திஸ் நோ குட். கேர்ள் குட்," என்று திரும்பவும் சொன்னேன். அவன் சிரிப்பு நின்றது. மகளின் காலையும் கட்டையையும் அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து நின்ற பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் பிடியைக் குனிந்து பார்க்கத் தொடங்கினான்.