தரையோடு வெட்டிய கரும்பு

எனக்குக் குமட்டும் விஷயங்கள் மூன்று. பல்லி, ஆறிப்போன கேன்டீன் சாம்பார், அப்புறம் ஒரு கரும்புத் தோட்டம். அந்தத் தோட்டம் போனுக்குள் இருந்தது.

நானும் என் வீட்டுக்காரரும் ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீ சிட்டியில் வேலை பார்த்தோம், வேறு வேறு ஃபேக்டரி. அவருக்கு முதல் ஷிஃப்ட், எனக்கு இரண்டாவது. சத்தியவேட்டில் எடுத்த வாடகை வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போது நான் மாட்டிக்கொண்டிருப்பேன். நான் திரும்பும்போது அவர் தூங்கியிருப்பார். நான் விழிக்கும்போது அவர் கம்பெனி பஸ் ஏறியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் தூங்கவுமே சரியாகிவிடும்.

அதனால்தான் அந்தக் கேம். மரம், மண், மாடு எல்லாம் சதுரம் சதுரமாக இருக்கும் ஓர் உலகம். வெட்டலாம், நடலாம், கட்டலாம். இரண்டு பேர் இரண்டு போனிலிருந்து உள்ளே நுழையலாம். சாயங்காலம் என் சாப்பாட்டு இடைவேளையில் நான் கேன்டீனிலிருந்து வருவேன், அவர் வீட்டிலிருந்து வருவார். ஓடைக்கரையில் ஒரு வீடு கட்டினோம். "துன்ட்டியா?" என்று எழுதிக் கேட்பார். "துன்னுக்கினு கீறேன்" என்று எழுதுவேன். எங்கள் குடித்தனம் நடந்தது அங்கேதான்.

ஓடையோரம் முதலில் கரும்பு நட்டது நான். நகரிப் பக்கம் எங்களுடையது கரும்புக்காரக் குடும்பம், ஆலையை மூடும்வரை வேறு பயிர் தெரியாது. கரும்பைத் தரையோடு ஒட்டி வெட்ட வேண்டும். இனிப்பு அடியில்தான் இருக்கிறது. அடியோடு வெட்டினால்தான் மண்ணுக்குள் கிடக்கும் தூரிலிருந்து மறுதாம்பு பலமாகக் கிளம்பும், மறுபடி நடவே வேண்டாம். ஒரு சாண் விட்டு வெட்டுகிற ஆளை நைனா வரப்பில் நின்றே கிழித்துவிடுவார். "இன்னாடா இது, கரும்பு வெட்றியா, வேலி நட்றியா?"

அந்தப் பழக்கத்தில் கேமிலும் தரையோடு வெட்டினேன். மறுநாள் போய்ப் பார்த்தால் வெறும் மணல். அதற்கடுத்த நாளும் மணல். மறுதாம்புக்காக நான் காத்திருந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் திருப்பதி டவுனில் வளர்ந்தவர். கரும்பென்றால் ஜூஸ் வண்டிதான் தெரியும்.

"இன்னாமே, கரும்புக்காரர் வூட்டுப் பொண்ணு அடியோட பேத்துட்டுக் குந்திக்கினு கீற? இங்க அடிய வுட்டுட்டு மேலதான் வெட்டணும். அடியோட எடுத்தா அவ்ளோதான், திரும்ப வராது."

நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

பிறகு அவர் ஒரு மிஷின் கட்டினார். தண்ணீரை ஒட்டி வரிசையாகக் கரும்பு, பின்னால் வரிசையாகப் பிஸ்டன், அதற்கு மேல் கண் வைத்த பெட்டிகள். கரும்பு மூன்று கட்டம் உயர்ந்ததும் கண் பார்த்துவிடும். உடனே பிஸ்டன் டப்பென்று இடுப்பில் குத்தும். மேல்பாதி முறிந்து தண்ணீரில் விழும், தண்ணீர் அதை இழுத்துக்கொண்டுபோய் ஒரு பெட்டிக்குள் தள்ளும். அடி மட்டும் நின்று மறுபடி வளரும், மறுபடி குத்து வாங்கும்.

எனக்கு அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அந்தக் கரும்புக்கு முற்றுவதென்பதே கிடையாது. சோகை இலை காயாது, கையை அறுக்காது. கடித்துத் தின்னவும் வழியில்லை. இனிப்பு இருக்க வேண்டிய அடியை மண்ணில் விட்டுவிட்டுச் சப்பென்ற நுனியை மூட்டை கட்டுகிற வேலை! பெட்டி நிறைந்து, அடுத்த பெட்டியும் நிறைந்து, கடைசியில் நாங்கள் கட்டிய வீட்டில் நான் அடுப்பு வைத்திருந்த இடத்திலும் பெட்டி வந்து உட்கார்ந்துகொண்டது.

"இவ்ளோ கரும்ப வெச்சிக்கினு இன்னா மாமா பண்ணப்போற?"

"இருக்கட்டுமே. அதுபாட்டுக்கு வந்துக்கினே கீதில்ல!"

இதுதான் அவர் சொன்ன காரணம். த்தூ என்று இருந்தது. அதன் பிறகு எங்கள் இடைவேளைப் பேச்சும் கரும்பைப் பற்றியதாகவே ஆனது. "துன்ட்டியா?" வருவது குறைந்தது. நான் கேட்டால் பதில் வரத் தாமதமாகும், சில நாள் வரவே வராது. பிஸ்டன் வேலையில் மூழ்கியிருக்கிறார் என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் எங்கள் லைன் மேடம் ஒருநாள் சாப்பாட்டுக்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார். "சூடம்மா, முதல் ஷிஃப்ட்ல ஒரு இடம் காலி ஆவுது, நீ ரொம்ப நாளா கேட்டுக்கினு கீறியே. அது வோணான்னா இங்கயே லைன் லீடரா இரு. ரெண்டுல ஒண்ணுதான். துன்னுட்டு வந்து செப்பு."

லீடர் ஆக எனக்கு ஆசை இருந்தது, மறைப்பானேன். ஆனால் முதல் ஷிஃப்ட் கிடைத்தால் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்பலாம், ஒரே வேளையில் உட்கார்ந்து சோறு தின்னலாம். அவர் "வந்துடு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், லீடர் ஆசையை அங்கேயே விட்டுவிடுவேன். கேமைத் திறந்தேன். அவர் கரும்பு வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நல்லவேளை என்று நினைத்து எழுதினேன்.

"மாமா, ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் தராங்க. வந்துடட்டுமா?"

பிஸ்டன் டப்பென்று குத்தியது. அவர் அசையவில்லை.

"இல்ல, இங்கயே லீடரா இருந்துடட்டுமா? நீ சொல்லு."

"நீ வான்னா வந்துடறேன்."

அவருடைய சதுர முகத்துக்கு எதிரில் போய் நின்றேன். குதித்தேன். பொறுக்க முடியாமல் ஓங்கி ஒன்று வைத்தேன். ஓரடி பின்னால் நகர்ந்து, மறுபடி அதேபோல் நின்றார். போனில் கூப்பிட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

அப்போதுதான் அவர் என்றோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஆள் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த உலகத்தில் கரும்பு வளராதாம். எனக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் சும்மா கிடந்த, திரை கீறிய பழைய போனை ஜன்னலோரம் சார்ஜரில் போட்டு, அதில் தன் பொம்மையை நிறுத்திவிட்டு, மனிதர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் தன் வழக்கமான கேரம் ஆட்டத்துக்குப் போயிருக்கிறார். எனக்காக வந்து நிற்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆள், கரும்புக்காக நின்றிருக்கிறார். எத்தனை நாளாகவோ! நானும் அந்தப் பொம்மையிடம் குடும்பக் கதை பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தட்டைத் தள்ளி வைத்தேன். வரிசையின் ஒரு முனையில் தொடங்கி, நைனா வாயைத் திறக்க இடம் கொடுக்காமல், ஒவ்வொரு கரும்பாகத் தரையோடு வெட்டினேன். பிஸ்டனில் கை வைக்கவில்லை. அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். கடைசிக் கரும்பும் விழுந்த பிறகு கையைக் கழுவிக்கொண்டு மேடத்திடம் போய், லீடராக இருக்கிறேன் என்று சொன்னேன்.

மறுநாள் மதியம் அவர் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் என்ன எழுதினேன், ஏன் போன் பண்ணினேன் என்று எதுவும் கேட்கவில்லை.

"இன்னாமே, கரும்பு மொத்தமும் காணோம்? யாரு வெட்னது?"

நான் குனிந்து செருப்பு வாரை மாட்டினேன். ஐடி கார்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

"நான்தான் வெட்னேன், எங்க வூட்டு வழக்கப்படி அடியோட. குந்திக்கினு இரு மாமா, மறுதாம்பு வரும்."