நெல் களத்தில் இருபது சுற்று: பிரேக் போட்டால் பேட்டரி ஏறுமா?

போன சனிக்கிழமை கடலூரிலிருந்து சிதம்பரம் போனது கோயிலுக்கு இல்லை, ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள. என் மனைவியின் தம்பி குமரன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறான். பேட்டரியில் ஓடும் குட்டி ரேஸ் வண்டியான கார்ட்டில் பந்தயமும் ஓட்டுவான். போன பந்தயத்தில் இருபது சுற்றில் பதினெட்டாவதில் சார்ஜ் தீர்ந்து நின்றுவிட்டான். அதற்குப் பரிகாரமாக, பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரிக்கே திருப்பி அனுப்பும் கருவி ஒன்றை ஆறு மாதம் உட்கார்ந்து செய்தான். எடை ஒன்பது கிலோ. அடுத்த பந்தயத்துக்கு அதோடு பதிவு செய்வதா, அது இல்லாமலா என்று அன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். யானை வாயில் போன கரும்பு திரும்பி வருமா என்பது என் கட்சி.

காலை 6.10க்குத் திருப்பாதிரிப்புலியூரில் மினி லாரியில் கார்ட்டை ஏற்றினோம். போக வர வாடகை 2,800 ரூபாய். 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். "பன்னெண்டு பர்சன்ட் திரும்பி வருது மாமா, மீட்டர்லயே காட்டுது" என்று வழியெல்லாம் சொன்னான். அந்த மீட்டரைச் செய்ததும் அவன்தான். என் சந்தேகம் முகத்தில் தெரிந்திருக்கும்.

ஊருக்கு வெளியே ஒரு ரைஸ் மில்லின் சிமென்ட் களம்தான் டிராக். நெல் காயப்போடாத நாட்களில் 500 ரூபாய்க்குத் தருகிறார்கள். கருவியோடு இருபது சுற்று, 21 நிமிடம். மிச்சம் 15 சதவீதம் சார்ஜ். "பாத்தீங்களா!" என்று குதித்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. வழக்கமாக முட்டுகிற மாதிரி போய் பிரேக்கை மிதிப்பவன், இன்று மீட்டரைப் பார்த்தபடி திருப்பத்துக்கு நாற்பது அடி முன்பே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தானே!

"கழட்டிட்டு, இதே மாதிரி முன்னாடியே கால எடுத்து ஓட்டு மச்சான்" என்றேன்.

"அதுல என்னா தெரியப் போவுது மாமா?"

"ஓட்டு, தெரியும்."

மறுபடி சார்ஜ் ஏற இரண்டரை மணி நேரம். அதுவரை கீழ வீதிப் பக்கம் இட்லி, கத்தரிக்காய் கொத்சு. இருவருக்கும் 140 ரூபாய். அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

கருவி இல்லாமல் இருபது சுற்று, 20 நிமிடம் 40 வினாடி. மிச்சம் 13 சதவீதம். ஒன்பது கிலோவைச் சுமந்து கிடைத்தது வெறும் இரண்டு! ஜெயித்தேன், ஆனால் அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

கனமான கார், அசுர வேகம், முரட்டு பிரேக் என்றால் இந்தக் கருவி உதவலாம். சின்ன கார்ட்டுக்கு வீண் சுமை. சோதிக்கப் போகிறவர்கள் ஒரே மாதிரி ஓட்டி, மாட்டியும் கழற்றியும் பாருங்கள்; செய்தவனின் மீட்டரை நம்பாதீர்கள். அறுவடைக் காலத்தில் களம் கிடைக்காது. நிழலும் இல்லை, தொப்பி அவசியம்.

கருவி இல்லாமலே பதிவு என்று போனில் தெரிவித்துவிட்டு, திரும்பும்போது கருவியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கடலூர் நெருங்கியபோது சொன்னான்.

"பேட்டரி மேல தப்பு இல்ல மாமா. இத செஞ்ச ஆறு மாசத்துல ஓட்டக் கத்துக்கிட்டிருக்கலாம்."