ஒருவருக்காகக் குதிரை ஓடுவது

அந்தக் கோடைக்கு நயாகரா வேண்டாம், ரொறன்ரோவில் பெரியம்மா வீடும் வேண்டாம், மலையில் குதிரை ஓட வேண்டும் என்று மகள் சொன்னபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டாயிரத்து ஆறு, ஏப்ரல் கடைசி. மொன்றியலின் லாசால் பகுதியில் எங்கள் அடுக்குமாடியின் வாகனத் தரிப்பிடத்து மூலையில் பனிக்குவியல் ஒன்று கறுத்துப்போய்க் கிடந்தது. இரண்டு வருடமாகச் சனிக்கிழமைகளில் அவளை ரொக்ஸ்பரோவுக்கு அப்பால் இருந்த ஒரு லாயத்துக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தேன். அங்கே மணல் போட்ட வட்டத்துக்குள் சுற்றுவாள். நான் வேலிக்கு வெளியே நின்று கோப்பி குடிப்பேன்.

அவள் மூன்று குதிரைப் பண்ணைகளின் விளம்பரத் தாள்களைச் சமையலறை மேசையில் வரிசையாக வைத்திருந்தாள். ஒன்று அல்பேட்டாவில், றொக்கி மலையடிவாரத்தில். இன்னொன்று மொன்றியலுக்கு வடக்கே லோரன்ஷியன் மலையில். மூன்றாவது கியூபெக் நகரத்தையும் தாண்டி, சார்லவா பக்கத்தில்.

யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் பதினொரு வருடம் உதவி ஆசிரியராக இருந்தவன் நான். மொன்றியலில் மட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஆனாலும் அச்சடித்த எதையும் பேனை இல்லாமல் வாசிக்க வராது. அல்பேட்டாக்காரர்கள் ஒரே பக்கத்தில் ஐந்து இடத்தில் 'உண்மையான' என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். ஐந்தையும் சுழித்தேன். அங்கே போய்வர மனைவிக்குக் கிடைக்கும் ஒரு கிழமை லீவு போதாது என்பதால் அந்தத் தாள் எப்படியும் கழிந்தது. லோரன்ஷியன் தாளில் படம் அழகு. ஆனால் கீழ் மூலையில், வெட்டாமல் விட்ட இடத்தில், ஒரு கயிறு தெரிந்தது. குதிரைகளை ஒன்றுக்குப் பின் ஒன்றாகக் கட்டி நடத்துகிறார்கள். மகளிடம் காட்டினேன். அவள் அதை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

சார்லவா படத்தில் ஏழு பேர் முதுகு காட்டிக்கொண்டு மலைமேல் நின்றார்கள். வெகு கீழே ஆறு. கடைசியில் நின்ற குதிரை தலையைத் தாழ்த்திப் புல் தின்றுகொண்டிருந்தது. அதன்மேல் இருந்த பெண் கடிவாளத்தை இழுத்து இழுத்துத் தோற்றுப்போன நிலையில் இருந்தாள். அந்தப் படத்தை நான் நம்பினேன்.

மனைவி கேட்டது ஒன்றுதான்.

"உங்கை சாப்பாடு என்ன?"

உணவுப் பட்டியலில் நாலு இரவுக்கு மாட்டிறைச்சி இருந்தது. தொலைபேசி எடுத்துக் கேட்டேன். இறைச்சி சாப்பிடாதவர்களுக்கு மக்கரோனி உண்டு என்று ஒரு பெண் சொன்னாள். எல்லா நாளுமா என்றேன். எல்லா நாளும் என்றாள், ஒரு பெருமையோடு.

"ஒரு கிழமை மக்கரோனி திண்டு ஒருத்தரும் சாகேல்லை. போவம்," என்றாள் மனைவி.

அத்தோடு முடிந்தது என்று நினைத்துப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். கடைசிப் பக்கம் உள்பக்கமாக மடித்துக் கிடந்தது. விரித்தால், சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை. பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் மலைப்பாதையில் போவதானால் பெற்றோரில் ஒருவர் கூடவே குதிரையில் வரவேண்டும். நடையிலும் அடுத்த வேகத்திலும் அவரால் குதிரையைக் கட்டுப்படுத்த முடியும் என்று ஏதாவது ஒரு லாயம் கையெழுத்து வைத்த தாள், ஜூன் நடுப்பகுதிக்குள் வந்து சேரவேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை பண்ணை வளவுக்குள் வட்டம் சுற்றலாம்.

"நீ இதை முதலே வாசிச்சனியோ?"

"உவி," என்றாள் மகள் பிரெஞ்சில். பிறகு, "ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் முதலிலை படத்தைப் பாத்துச் சந்தோசப்படட்டும் எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"வட்டம் எண்டால் இஞ்சையே சுத்துறன்தானே அப்பா. மலைக்கெண்டால் போவம். இல்லாட்டி வேண்டாம். அடுத்த வருசம் நான் கூட்டாளியளோட காம்புக்குப் போயிடுவன்."

அவள் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. பஸ் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் எனக்கு உறைத்தது.

அடுத்த சனிக்கிழமை வேலிக்கு உள்ளே போனேன். குதிரைக்குப் பதினெட்டு வயது, பழுப்பு நிறம், பாதி உறக்கத்தில் இருந்தது. நடக்கும் வரை நான் பரவாயில்லை. அது துள்ளுநடைக்கு மாறியதும் கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிடரி மயிரைப் பிடித்தேன். மறுபடியும் அப்படித்தான். மூன்றாம் முறை நிறுத்தச் சொன்னேன். "முசியூ, குதிரை உங்களை ஒன்றும் செய்யவில்லை," என்றாள் பயிற்றுநர், மிகுந்த பொறுமையோடு. அது உண்மை. இறங்கிக் கடிவாளத்தை அவளிடம் கொடுத்தேன். மகள் வேலியில் சாய்ந்தபடி வேறு ஒரு குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்காமல் இருப்பதற்காகவே பார்த்தாள். காரில் வரும்போது அந்தக் கிழட்டுக் குதிரையின் வயதைப் பற்றி மட்டும் கதைத்தாள். இன்னும் இரண்டு சனிக்கிழமை போனேன். பிடரி மயிரைத் தாண்டி ஒரு முன்னேற்றமும் இல்லை.

கீழ்மாடியில் ஒரு அண்ணை இருந்தார். ஊரில் கணக்கு ரியூசன் மாஸ்டர், இங்கே பாண் விநியோகிக்கும் வான் ஓடுகிறவர். ஒரு ஞாயிறு பின்னேரம் தேத்தண்ணிக்கு மேலே வந்தார், தன் வீட்டு அறையொன்றில் வாடகைக்கு இருந்த சென்னைக்காரரையும் கூட்டிக்கொண்டு. அவர் கணினி நிறுவனம் ஒன்றில் வேலை செய்பவர், முப்பது வயது இருக்கும். மனைவி மேசையின் மறுமுனையில் போஞ்சி வெட்டிக்கொண்டிருந்தாள். நான் என் மூன்று சனிக்கிழமைகளையும் சொன்னேன்.

"ஐசே, இந்த வயசில உமக்கென்ன குதிரை ஓட்டம்?" என்றார் அண்ணை. "நான் ஓடாத குதிரையே? மூண்டு பேருக்கு ஓடினனான். மூண்டு பேரும் பாஸ்."

வெளியூர் வாசகருக்கு இதை விளக்கவேண்டும். யாழ்ப்பாணத்தில் 'குதிரை ஓடுவது' என்றால், ஒருவருடைய பெயரில் இன்னொருவர் போய்ப் பரீட்சை எழுதுவது. அண்ணை இளமையில் கணக்குச் சோதனையில் மூன்று பேருக்குக் குதிரை. அதை அவர் மறைத்ததே இல்லை. அந்த மாதிரிச் செய்திகள் வரும்போது 'பரீட்சையில் ஆள்மாறாட்டம்' என்று தலைப்புப் போடுவது எங்கள் மேசையின் வேலை.

அண்ணை பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பினார்.

"தம்பி, நீர் உங்கை இந்தியாவில குதிரை ஓடினனீரோ?"

"ஓ, நிறைய," என்றார் அவர். "காலேஜ்ல என்சிசி-ல இருந்தப்போ ரெண்டு வருஷம். சர்டிபிகேட் கூட இருக்கு சார்."

அண்ணையின் முகத்தில் மரியாதை வந்தது.

"சேட்டிபிக்கற்றும் குடுத்தவங்களோ? ஆர் குடுத்தது?"

"கர்னல் சார்தான், கையெழுத்து போட்டு."

"கேணலுக்குத் தெரிஞ்சே ஓடினனீரோ?"

"அவர்தாங்க ஓட்டவே கத்துக்கொடுத்தாரு."

மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். சென்னைக்காரருக்கு விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் எடுத்தது. விளங்கியதும் அவரும் சிரித்தார். "நாங்க அதை குதிரை சவாரின்னு சொல்லுவோம் சார். நீங்க சொல்றதுக்கு எங்க ஊர்ல ஜெயில்."

"எங்கடை ஊரிலயும் மறியல்தான். பிடிபட்டால்," என்றார் அண்ணை. பிறகு குரலைத் தாழ்த்தி, என்னைப் பார்த்தார். "ஐசே, வேறை ஒரு லாயத்துக்கு இவர் போகட்டும். உம்மடை பேரைச் சொல்லட்டும். வெள்ளைக்காரனுக்கு எங்கடை முகம் எல்லாம் ஒண்டுதான். தாள் கையில வந்திடும்."

நான் உடனே மறுக்கவில்லை. ஆள்மாறாட்டம் என்று எத்தனையோ தலைப்புப் போட்ட கை, படிவத்தைப் பிடித்தபடி சும்மா இருந்தது. உள் அறையில் மகள் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்திருந்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் மலை இல்லை. ஓம் என்று சொன்னால், அப்பா என்ன செய்தார் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"டெஸ்ட் நான் பாஸ் பண்ணிடுவேன் சார்," என்றார் சென்னைக்காரர், தயங்கியபடி. "ஆனா அப்புறம் மலையில குதிரைமேல உக்காரப்போறது நீங்கதானே?"

"அது பேந்து பாப்பம்," என்றார் அண்ணை.

"என்னத்தைப் பேந்து பாக்கிறது?" என்றாள் மனைவி. "அண்ணை, நீங்கள் எழுதின கணக்கு ஒருத்தரையும் கீழை விழுத்தேல்லை. இது விழுத்தும். இஞ்சை தாங்கோ உந்தப் படிவத்தை."

ஈரக் கையைத் துடைத்துவிட்டு வாங்கினாள். அவள் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்தாள். கார்தெரி என்றுதான் நாங்கள் எல்லோரும் சொல்வோம். வீட்டில் மகளுக்கு அடுத்தபடியாகப் பிரெஞ்சு தெரிந்தவள் அவள்தான். விரலை வைத்து வாசித்தாள்.

"பெற்றோரில ஒராள் எண்டுதானே கிடக்கு. தேப்பன் எண்டு எங்கை கிடக்கு?"

வாங்கிப் பார்த்தேன். இல்லை. ஊரில் பள்ளிக்கூடத்துப் படிவங்களில் 'தந்தை அல்லது பாதுகாவலர் கையொப்பம்' என்ற கோடு ஒன்று இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண், இல்லாத சொல்லை மூன்று கிழமையாக அங்கே வாசித்திருக்கிறது. நானும் மகளும் மாறி மாறி வாசித்தோம். இருவருக்கும் தோன்றவில்லை. அச்சுப்பிழை பிடிக்கிற வேலையில் பதினொரு வருடம் இருந்தவன் அதற்குமேல் என்ன சொல்ல?

"உங்களுக்காக நான் குதிரை ஓடுறன்," என்றாள் மனைவி. "என்ரை பேரிலையே."

"உதுக்குப் பேர் குதிரை ஓடுறதில்லை, பிள்ளை," என்றார் அண்ணை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது அவருக்கு.

உள்ளே தொலைக்காட்சியின் ஒலி மறுபடி கூடியது.

மே நடுப்பகுதியிலிருந்து சனிக்கிழமைகளில் நான் பழையபடி வேலிக்கு வெளியே கோப்பியோடு நின்றேன். மகளும் தாயும் உள்ளே. மனைவி ஜீன்ஸ் போட்டதை அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். காப்பகத்தில் பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய உடம்பு அவளுடையது. நான் எதிர்பார்த்ததைவிட நேராக இருந்தாள். மூன்றாம் வகுப்பில் விழுந்தாள். அதே பதினெட்டு வயதுக் குதிரை, காரணம் எதுவும் இல்லாமல் நின்றுவிட்டது. இவள் நிற்கவில்லை. நான் வேலியைத் தாண்டுவதற்குள் எழுந்து, மணலைத் தட்டிவிட்டு, குதிரையின் முகத்துக்கு நேரே போய் நின்றாள்.

"என்ன, உனக்கு விசர் பிடிச்சிட்டுதோ?"

அம்மா என்ன சொல்கிறார் என்று பயிற்றுநர் மகளிடம் கேட்டாள். குதிரைக்குச் சுகமா என்று கேட்கிறார் என்றாள் மகள், முகத்தில் ஒன்றும் காட்டாமல். பயிற்றுநருக்கு அது மிகவும் பிடித்துக்கொண்டது. குதிரையோடு இப்படித்தான் கதைக்க வேண்டும் என்று மற்ற மாணவர்களுக்கும் சொன்னாள்.

ஜூன் இரண்டாம் கிழமை தாளில் கையெழுத்து விழுந்தது. தெருமுனை தெப்பனரில் ஒரு தொலைநகல் இயந்திரம் இருந்தது. பாலும் சிகரெட்டும் விற்கிற அந்தச் சின்னக் கடையில் மூன்று பேரும் நின்று, தாள் உள்ளே இழுபட்டு வெளியே வரும்வரை பார்த்தோம்.

ஜூலையில் போனோம். பண்ணை படத்தில் இருந்ததைவிடச் சிறியது, மலை பெரியது. மக்கரோனி வாக்களித்தபடி வந்தது. மலைப்பாதைக்கு மூன்றாம் நாள் காலை புறப்பட்டார்கள். வழிகாட்டி முன்னால், பிறகு நாலைந்து பேர், பிறகு மகள், கடைசியில் மனைவி. மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் சமநிலை போய்விடும் என்று பிறகு சொன்னாள். மகள் ஒருமுறை கை காட்டினாள். மரங்கள் அவர்களை மறைக்க எவ்வளவு நேரம் எடுத்தது என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். நாலு நிமிடம்.

பொறாமை என்று அதைச் சொல்லமாட்டேன். ஒரு இடத்தில் சம்பவம் நடக்கும்போது அங்கே நிற்கவேண்டும் என்று பழகியவன் நான். அன்று பண்ணை வீட்டு முற்றத்தில், பழைய கியூபெக் பத்திரிகை ஒன்றின் குறுக்கெழுத்தோடு மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு சொல்தான் போட முடிந்தது.

முதலில் கேட்டது சிரிப்பு. பிறகு தமிழ். மரங்களுக்குள்ளிருந்து இரண்டு குரல்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மூச்சுவிடாமல் கதைத்துக்கொண்டு வந்தன. மற்றவர்களுக்கு விளங்கக்கூடாது என்பதற்காக மேலே ஏறியதும் தமிழில் தொடங்கியிருக்கிறார்கள், பிறகு நிறுத்தவில்லை. மகள் அவ்வளவு நீளமான தமிழ் வாக்கியம் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. என்னைக் கண்டதும் இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்தினார்கள். பிறகு மறுபடி சிரித்தார்கள்.

"என்ன பகிடி?" என்றேன்.

"ஒண்டுமில்லை அப்பா."

மனைவியிடம் கேட்டேன்.

"அது எங்கடை கதை," என்றாள்.

அவளால் இறங்க முடியவில்லை. தொடை இரண்டும் மரத்துவிட்டன. மகள் குதித்து இறங்கி, தாயின் காலை அங்கவடியிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு, "சாயுங்கோ, நான் பிடிக்கிறன்," என்றாள். நான் குதிரையின் மறுபக்கம் நின்றேன். பிடிக்க எதுவும் இல்லாததால் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டேன். குதிரை என்னைப் பொருட்படுத்தாமல் நின்றது.

அடுத்த கோடையில் மகள் சொன்னபடியே கூட்டாளிகளோடு காம்புக்குப் போனாள். இப்போது வேறு நகரத்தில் வேலை. மலையில் என்ன கதைத்தார்கள் என்று மனைவியிடம் இடைக்கிடை கேட்பதுண்டு. முதலில் சொல்லமாட்டேன் என்றாள். இப்போது, மறந்துபோச்சு என்கிறாள். அப்படிச் சொல்லும்போது அவள் வாய் ஓரம் லேசாக அசைகிறது. நான் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.