ஐந்தாம் தலத்தில் நான் விழுந்தேன்

சிலுவைப்பாதையின் ஐந்தாம் தலத்தில் யாரும் விழுவதில்லை. பதினான்கு தலங்களில் மூன்றிலும் ஏழிலும் ஒன்பதிலும் ஆண்டவர் இயேசு விழுவார். ஐந்தாம் தலத்தில், வயலிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வெளியூர்க்காரரைப் பிடித்துச் சிலுவையைத் தாங்கச் சொல்வார்கள். எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளிதோறும் சிலுவைப்பாதையை நடித்துக்காட்டுவது வழக்கம். பல வருடங்களாக அந்த வெளியூர்க்காரர் நான்தான். உடம்பு வாட்டசாட்டமாக இருந்ததால் கிடைத்த வேடம்.

1998ஆம் ஆண்டு, உச்சி வெயில். சிலுவையின் அடிப்பாகத்தைத் தோளில் வாங்கி நடந்தேன். சற்று தூரத்தில் வலது கை பிடியை விட்டது. வலது கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. விழுந்தேன்.

கூட்டத்தில் பெண்கள் அழுதார்கள். இவ்வளவு தத்ரூபமாக நான் அதுவரை நடித்ததில்லை. சிலுவைப்பாதையை நடத்திவந்த உபதேசியார் மட்டும் குனிந்து, "விழுறது அவருல்ல சார்? நீங்க ஏன் விழுறீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

ஆண்டவராக நடித்தவர் என் மனைவியின் அண்ணன் அருளப்பன். ரெட்டியார்சத்திரம் பக்கம் பூ விவசாயம் செய்பவர். முள்முடியோடு குனிந்து என் அக்குளில் கை கொடுத்தார்.

"எந்திரி மாப்ள. சனம் பாக்குது."

"கால் இல்ல மச்சான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சிலுவையைக் கீழே போட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போய் வேப்பமர நிழலில் கிடத்தினார். அந்த வருடம் எங்கள் சிலுவைப்பாதை ஐந்தாம் தலத்தோடு நின்றது.

தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். செத்த நேரத்தில் கால் திரும்பி வந்தது. "வெயில் அடிச்சிருக்கு, மோரு குடுங்க" என்றார்கள். அப்போது நான் ஒரு நாளிதழின் திண்டுக்கல் நிருபர். எதையும் முன்பின் பொருத்திப் பார்ப்பது தொழில். முந்தைய வருடம் பூ மார்க்கெட்டில் விலை கேட்டு எழுதும்போது ஒரு விசித்திரம் நடந்திருந்தது. இடது கண்ணால் பார்த்தால் ரோஜா சிவப்பு. வலது கண்ணால் பார்த்தால் செங்கல் நிறம். வியாபாரியிடம் பழைய பூவா என்று கேட்டேன். "காலையில பறிச்சது சார், ஒங்க கண்ணுதான் பழசு" என்றார். சில வாரங்களில் சரியாகிவிட்டது. மறந்துவிட்டேன். இப்போது மரத்தடியில் படுத்தபடி அந்த ரோஜாவை நினைத்தேன். இரண்டும் ஒரே செய்தியோ என்று தோன்றியது.

ஒரே செய்திதான். ஜூன் மாதம் வலது கை எழுத்தை நிறுத்திக்கொண்டது. பேனாவைப் பிடிக்கும், கோடு இழுக்கும், எழுத்து வராது. மதுரையில் மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். படத்தில் வெள்ளைப் புள்ளிகள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்றார் டாக்டர். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நரம்பைச் சுற்றியுள்ள உறையை அரிக்கிறது, அரித்த இடத்தில் தழும்பு விழுகிறது, நரம்பும் அறுந்துபோகலாம். மறுபடி வருமா என்றேன். வரலாம் என்றார். கை திரும்புமா என்றேன். அதற்கும் அதே பதில்.

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. கையால் எழுதித்தான் செய்தி அனுப்ப வேண்டும். வேறு தொழில் தெரியாது. சில நாள் ஊசி மருந்து ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் சொல்லச் சொல்ல என் மனைவி ஸ்டெல்லா எழுதினாள். அவள் பள்ளி ஆசிரியை. நகராட்சிக் கூட்டச் செய்தியில்கூட என் வாக்கியத்தைத் திருத்தினாள். எத்தனை நாளைக்கு இப்படி ஓடும் என்று இருவருமே பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன் இடது கையால் தடுமாறும்போது அழுகை வரும். முகம் கழுவுவதுபோல் எழுந்து போய்விடுவேன்.

கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டேன். ஆண்டவரே, அந்தத் தழும்புகள் மறைய வேண்டும். அடுத்த படம் சுத்தமாக வர வேண்டும்.

கை திரும்பியது. ஒரே நாளில் அல்ல. பயிற்சி கொடுத்தார்கள், புளியங்கொட்டை பொறுக்கினேன், சட்டைப் பொத்தான் போட்டேன். கிறிஸ்துமசுக்குள் என் பெயரை எழுதினேன். அடுத்த கோடைக்குள் முழுச் செய்தி எழுதினேன். தழும்பு மறைந்துவிட்டது என்று நம்பினேன். செபக்கூட்டத்தில் குணமானதைச் சாட்சியாகச் சொல்ல நாளும் குறித்தாகிவிட்டது. அதற்கு முன் படத்தைக் கையில் வைத்துக்கொள்ளலாம் என்று மறுபடி ஸ்கேன் எடுத்தேன்.

பழைய புள்ளிகள் அப்படியே இருந்தன. புதிதாகவும் சில இருந்தன.

சாட்சி சொல்லப் போகவில்லை. கூட்டத்தை நடத்துபவர் வீட்டுக்கே வந்தார். "கை வந்துருச்சுல்ல சார், படத்தப் பத்தி எதுக்குப் பேசணும்?" என்றார். அவர் கேட்டது நியாயம்தான். ஆனால் நான் கேட்டது படம். சேதம் கூடியிருக்கிறது, கை வேலை செய்கிறது. எப்படி? இந்தக் கேள்வி துக்கத்தைவிடப் பெரிதாக எனக்குள் உட்கார்ந்துகொண்டது. போகிற டாக்டரிடமெல்லாம் கேட்டேன். மதுரை டாக்டர் சலித்துப்போய், பெங்களூரில் இதையே ஆராய்கிறார்கள், போய் அவர்கள் இயந்திரத்தில் படுங்கள் என்று எழுதிக்கொடுத்தார்.

2003இல் போனேன். அங்கிருந்த டாக்டரம்மாவுக்குச் சொந்த ஊர் பழனிப் பக்கம். குழாய் போன்ற இயந்திரத்துக்குள் படுக்க வைத்து, வலது கை விரல்களைக் கட்டைவிரலில் தட்டச் சொன்னார். மூளையின் எந்தப் பகுதி அப்போது வேலை செய்கிறது என்று அந்த இயந்திரம் காட்டுமாம். வெளியே வந்ததும் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தார்.

"இது நோய் இல்லாதவங்களோடதுங்க. வலது கையை அசைச்சா மூளையில முக்கியமா இடது பக்கம் இந்த எடம் வேலை செய்யும். இது உங்களோடது. பாருங்க."

என் படத்தில் இடது பக்கம் மட்டுமல்ல, வலது பக்கமும் ஒளிர்ந்தது. இன்னும் வேறு சில இடங்களும்.

"இந்தப் பக்கத்துக்கு இங்கே என்னங்க வேலை?" என்றேன்.

"சாதாரணமா பெருசா வேலை இல்லைங்க. ஆனா வந்து பிடிக்குது. வழியில சேதம் இருக்குதுங்களா, அதனால மத்த எடமெல்லாம் சேர்ந்து சுமக்குதுன்னு நினைக்கிறோம். இது உதவியா, இல்ல சேதத்தோட அடையாளமான்னு எங்களுக்குள்ளேயே இன்னும் பேச்சு இருக்குதுங்க. இதுக்கு ஒரு எல்லையும் உண்டு. சின்ன வேலைக்கே நீங்க களைச்சுப் போறீங்கல்ல, இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்."

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சம்பந்தமில்லாமல் தன் வழியில் போய்க்கொண்டிருந்த ஒருவரைப் பிடித்துச் சிலுவைக்குக் கீழே நிறுத்துகிற காட்சியை நான் வருடம் வருடமாக நடித்திருக்கிறேன். அவர் வந்ததால் சிலுவை மறைந்துவிடவில்லை. எடையும் குறையவில்லை. சுமப்பவர் இருவரானார்கள்.

வீட்டுக்கு வந்து ஸ்டெல்லாவிடம் சொன்னேன். தழும்பு மறைய வேண்டும் என்று நீயும்தானே வேண்டினாய், அது நடக்கவில்லை, நடந்தது வேறு என்றேன். அவள் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எப்பங்க அதக் கேட்டேன்? தழும்பு கிழும்பெல்லாம் எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரரு ஒத்தையில சுமக்கக் கூடாது, யாராச்சும் ஒரு கை குடுக்கணும்னுதான் கேட்டேன். அந்த ஆளு ஒங்க தலைக்குள்ளயே இருப்பாருன்னு நான் கண்டனா?"

பிரியமானவர்களே, என் விண்ணப்பத்துக்கு இல்லை என்றும் அவள் விண்ணப்பத்துக்கு ஆம் என்றும் பதில் வந்திருக்கிறது. அவள் கேட்டதுதான் சரியாக இருந்தது. இதை மருத்துவத்தால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க நான் வரவும் இல்லை. நோய் போகவில்லை, மருந்தை நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். ஆனால் ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று கடைசி பெஞ்சில் நான் குமுறிக்கொண்டிருந்த அதே மாதங்களில், எனக்குத் தெரியாமல், என் மண்டைக்குள்ளேயே உதவி வந்து தோள் கொடுத்துக்கொண்டிருந்தது. அதை என் கண்ணால் பார்த்தேன். அதற்கு நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

வெயில் ஏறினால் என் நரம்பு தடுமாறும் என்று பங்குத்தந்தையிடம் சொல்லியிருந்தேன். பெங்களூர் போய்வந்ததற்கு அடுத்த பெரிய வெள்ளி சிலுவைப்பாதை விடியற்காலைக்கு மாற்றப்பட்டது. காரணம் எதுவும் அறிவிக்கப்படவில்லை. ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அருளப்பனுக்கு ஐம்பதாகிவிட்டது. தாடி நரைத்த ஆண்டவர்.

ஐந்தாம் தலத்தில் நான் சிலுவையை வாங்கும்போது அவர் காதோடு சொன்னார். "விழுந்துறாத மாப்ள. ஒன்னத் தூக்க இந்த வருசம் இடுப்புல தெம்பில்ல."

இடது கையில் பலமாகப் பிடித்தேன். வலது கையை அதன் மேல் வைத்தேன். விழவில்லை. ஏழாம் தலத்தில் அவர் விழுந்தார். விழ வேண்டிய இடம்தான். எழும்போது நிஜமாகவே இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் குனிந்து அவர் அக்குளில் கை கொடுத்தேன்.

உங்களுக்கு என்ன பாரமோ எனக்குத் தெரியாது. தயங்காமல் அவரிடம் கேளுங்கள். கேட்ட பிறகு, கேட்ட பக்கம் மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல் மற்ற பக்கமும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இதை வலது கையால்தான் எழுதினேன். நடுவில் களைத்துப்போய்ப் பேனாவை வைத்தேன். பிறகு மறுபடி எடுத்தேன்.