மொத்தம் பத்து

“நேத்து பத்து வார்த்தை சொல்லிக் கொடுத்தேனே அத்தை, ஞாபகம் இருக்கா?”

“நேத்தா? நேத்து நீ வந்தியா?”

“புது மொழியில ஜன்னலுக்கு என்ன சொன்னேன்?”

அங்கே எழுதி ஒட்டியிருப்பதுபோல அத்தை ஜன்னலையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். “நேத்து பத்து, இன்னிக்குப் பத்து. மொத்தம் பத்து. உன் கணக்கு வாத்தியார் கேட்டா அழுதுடுவார்.”

அத்தை இருபத்திரண்டு வருடங்களாகப் பள்ளி வேன் ஓட்டியவள். முதல் வருடம் அவள் ஏற்றிச் சென்ற பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எந்தப் பிள்ளைக்கு வளைவில் குமட்டும், எது காலணியை இடம் வலம் மாற்றிப் போட்டு வரும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். போன வருடம் பிள்ளைகளின் பெயர்கள் நழுவத் தொடங்கின. யாரும் சொல்லாமல் அவளே மருத்துவரிடம் போனாள். நான் துணைக்குப் போனேன். இரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள், காதைச் சோதியுங்கள், புதிதாக ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பழகிய தடத்தில் இப்போதைக்கு ஓட்டலாம், ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்போம் என்றார்.

அத்தை ஒன்றையும் விடவில்லை. உப்பைக் குறைத்தாள். காதுக்குக் கருவி வாங்கி மாட்டிக்கொண்டு, “நீங்கெல்லாம் இவ்வளவு சத்தமாவா பேசிட்டிருந்தீங்க?” என்றாள். நான் பள்ளியில் படித்த இன்னொரு மொழியைக் கற்க மாலைதோறும் நோட்டோடு உட்கார்ந்தாள். அவள் எங்கே தவறுகிறாள் என்று தேடிப் பார்த்தேன். ஏதாவது அகப்பட்டிருந்தால் திருத்தியிருக்கலாம்.

ஐந்தாவது மாதம் ஒரு காலை, நான் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம், எங்கள் வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

“என்னடி, இன்னும் தலை பின்னலையா? பை எங்கே? ஓடி வா!”

உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள். “இவ்வளவு பெரிய அக்கா எந்த வகுப்பு?” என்று ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. எனக்காகக் காத்திருந்தாள்.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பள்ளிக்குச் சொல்லி வேறு வேன் வரவழைத்தேன். சாவியை எடுத்து என் கைப்பையில் போட்டேன்.

இன்னும் அங்கேதான் இருக்கிறது. “பிள்ளைங்க வாசல்ல நிக்கும்டி, குடுடி” என்று தினமும் கேட்கிறாள். சில நாள் திட்டுகிறாள், சில நாள் அழுகிறாள். நான் காரணம் சொல்வதில்லை, பையைத் திறப்பதும் இல்லை.

மருத்துவரிடமிருந்து திரும்பிய அன்று, வேனை நிறுத்திவிட்டு இறங்காமலே அவள் சொன்னாள்:

“என்னிக்காவது நான் தடம் மாறினா சாவியை வாங்கி வெச்சுக்கோ. நான் கெஞ்சினாலும் குடுக்காதே. நான்தான் சொன்னேன்னு அப்ப என்கிட்ட சொல்லிட்டு இருக்காதே, நம்ப மாட்டேன். திட்டிட்டுப் போறேன், விடு.”